ஆமித் துணியில் ஒரு கில்ட்

தையல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னைக் காணும்போதெல்லாம் அந்தக் கில்ட் கதையைச் சொல்லச் சொல்கிறீர்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கில்ட் என்கிற மடிப்புப் பாவாடை தைக்க, இடுப்பில் சாரம் கட்டுகிற இடத்தில் அளவெடுத்து, அவரைத் தொடை தெரிய நிற்க வைத்த கதை. நடந்ததுதான். எத்தனையோ கலியாண வீடுகளில் அதைச் சொல்லி நானே ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் நான் சொல்லி வந்தது முதல் பாதியை மட்டும். எழுதித் தரச் சொல்லிக் கேட்டதால் இந்த முறை மிச்சத்தையும் எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது சிரிப்பு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கில்ட் எப்படித் தைப்பது என்று இதில் தேட வேண்டாம். அதைக் கைபேசியில் பார்த்தே பழகலாம், என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். இது வேறு பிழையைப் பற்றியது. கடையில் இங்கிலிஷ் தெரிந்தவர் ஒருவர், நன்றாகத் தைக்கத் தெரிந்தவர் இன்னொருவர் என்று இருக்கும்போது மட்டும் நடக்கிற பிழை. உங்களில் முக்கால்வாசிப் பேரின் கடை அப்படித்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும்.

என் கடை ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் அவெனியூவில், ஒரு பழைய பிளாசாவின் மூலையில் இருந்தது. ஒரு பக்கம் பலகாரம் பொரித்து விற்கிற பற்றிஸ் கடை, மறு பக்கம் பல் வைத்தியர். காற்சட்டை கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, சாறிக்குச் சட்டை தைப்பது, இவைதான் அன்றாட வேலை. முன்னால் கவுண்டரில் நான். பின்னறையில் சறோ.

சறோ வன்னியில் இருந்து வந்தவர். சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து, மகளோடு, இங்கே இருந்த தம்பியாரின் உதவியில் வந்து சேர்ந்தார். கையால் போடுகிற தையலில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் ஹலோவும் தாங்க்யூவும் தாண்டி இங்கிலிஷ் இல்லை. படிக்கச் சொன்னால், "இந்த மண்டைக்குள்ள இனி ஒண்டும் ஏறாது அண்ணை" என்பார். அதனால் வாடிக்கையாளர் சொல்வதை நான் தமிழில் பின்னறைக்குச் சொல்வேன், சறோ சொல்வதை இங்கிலிஷில் முன்னுக்குச் சொல்வேன்.

அப்படிச் சொல்லும்போது நான் என் கைவேலையையும் காட்டுவேன். "உந்த உடம்புக்கு உந்தச் சட்டை ஏனாம்?" என்று சறோ கேட்டால், வாடிக்கையாளரிடம், "உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்கிறார்" என்று சொல்வேன். "இவள் குருடியா, தையல் கோணல்" என்று ஒரு பெண் கத்தினால் சறோவிடம், "கொஞ்சம் நேராக்கட்டாம்" என்பேன். இரண்டு பக்கமும் சந்தோஷம். இதை நான் ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் செய்கிறீர்கள். செய்யவில்லை என்று எனக்குக் கதை விட வேண்டாம்.

சறோவுக்கு ஒரு மகனும் இருந்தான். நிரோஜன், பத்தொன்பது வயது. சண்டை முடிந்த நாட்களில் சனம் வெளியே வந்துகொண்டிருந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியச் சொல்லி ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்கள். பதிந்துவிட்டு விடுவோம் என்றார்களாம். இயக்கம் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன பிறகு மூன்று மாதம்தான் அவன் அதில் இருந்தது. "போய்ப் பதிஞ்சு போட்டு வா ராசா" என்று சறோவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறார். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு தடவை இதைச் சொன்னார். பிறகு நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் எண்பதுகளிலேயே இங்கே வந்துவிட்டவன். அவர் அந்தப் பஸ்ஸடியில் நின்ற நாளில் நான் ரொறன்ரோவில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். அப்படிப்பட்டவனுக்கு என்ன கேட்க வாய் வரும்?

டங்கன் வந்தது ஒரு திங்கட்கிழமை. நாற்பது வயது மதிக்கலாம், பெரிய உடம்பு. கவுண்டரில் ஒரு பையை வைத்து அதற்குள் இருந்த துணியை விரித்தார். பச்சையும் மண்ணிறமும் திட்டுத் திட்டாக, தடித்த பருத்தி. ஆமித் துணி. பழைய இராணுவச் சாமான் விற்கிற கடையில் சுருளாக வாங்கியிருக்கிறார். இதில் ஒரு கில்ட் தைத்துத் தர முடியுமா, சனிக்கிழமைக்கு வேண்டும் என்றார். ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டுகிற அந்த மடிப்புப் பாவாடையைத்தான் சொன்னார். நான் வாழ்க்கையில் ஒன்றுகூடத் தைத்ததில்லை. முடியும் என்றேன். அதுவும் ஒரு பிழைதான், ஆனால் அந்தப் பிழையை எல்லோரும் விடுகிறோம், அது கிடக்கட்டும்.

எதற்கு என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கனடா இராணுவத்தில் இருந்து வெளிநாட்டுப் போருக்கு இரண்டு தடவை போய் வந்தவர் அவர். கூடப் போன சிநேகிதர் ஒருவர் போன கிழமை தன் வீட்டுக் கராஜில் தூக்குப் போட்டு இறந்துவிட்டார். இரண்டு பேருடைய தாத்தாமாரும் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்தவர்கள். "எங்கள் தாத்தாமாரின் குலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்ட துணி இருக்கிறது. எங்கள் குலத்துக்கு இதுதான் துணி என்று அவன் சொல்லுவான்" என்றார். அங்கே காவலில் நின்றபோது விளையாட்டாக ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். யார் முதலில் போனாலும் மற்றவர் இந்தத் துணியில் கில்ட் கட்டிக்கொண்டு சவ அடக்கத்துக்கு வரவேண்டும். சொல்லிவிட்டுத் துணியைத் திரும்ப மடித்து வைத்தார். நான் அளவு நாடாவை எடுத்தேன்.

துணியைப் பின்னறைக்குக் கொண்டு போனபோது சறோ சாப்பிடப் போயிருந்தார். எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. இந்தத் துணியை அந்த மனிசி தொடக் கூடாது. நானே தைப்பது என்று முடிவெடுத்தேன். துணியை அலுமாரிக்கு மேல் வைத்துப் பழைய படுக்கை விரிப்பால் மூடினேன். சறோ வீட்டுக்குப் போன பிறகு எடுத்து வெட்டுவது, காலையில் திரும்பவும் மூடுவது.

அடுத்து நடந்ததுதான் நீங்கள் சிரிக்கிற பகுதி. அளவெடுக்கும்போது நான் நாடாவை வைத்தது தொப்புளுக்குக் கீழே, சாரம் கட்டுகிற இடத்தில். இடுப்பு என்றால் என் கை தானாகவே அங்குதான் போகும், பிறந்து வளர்ந்த பழக்கம். கில்ட் அங்கே நிற்காது. தொப்புளுக்கும் மேலே, விலாவுக்குக் கிட்டத்தான் நிற்கும், முழங்காலின் நடுவில் முடியும். புதன்கிழமை டங்கன் வந்து, நான் இழையோட்டி வைத்திருந்ததைக் கட்டி, அது நிற்க வேண்டிய இடத்துக்கு இழுத்து விட்டார். கீழ்க்கரை பாதித் தொடைக்கு ஏறிவிட்டது. கண்ணாடியில் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கிழமை முழுக்க அவர் சிரித்திருக்க மாட்டார், அன்றைக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சனிக்கிழமை பத்து மணிக்கு அடக்கம்" என்றார்.

வெட்டியது வீண். சுருளில் இன்னுமொன்றுக்குத்தான் துணி மிச்சம். இரண்டு நாள் இருந்தது. இருபத்தைந்துக்கு மேற்பட்ட மடிப்புகளைக் கையால் தைத்து இறக்க வேண்டும், என் கைக்கு அந்த வேகம் இல்லை. அவர் போன பிறகு நான் பின்னறை வாசலில் நின்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். சறோ தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அண்ணை, உந்தச் சீலையால மூடி வைச்சிருக்கிறதை இஞ்ச தாங்கோ."

"சறோ, அது வந்து..."

"நான் முதல் நாளே பாத்திட்டன். உது அவங்கட துணி இல்லை. அவங்கட திட்டு வேற மாதிரி. எனக்குத் தெரியாதே?" ஊசியில் நூலைக் கோத்தார். "துணி என்ன செய்தது பாவம். தாங்கோ."

கொடுத்தேன். ஆருக்கு, என்னத்துக்கு என்று கேட்டார். ஆமியில் இருந்த ஒருவர், சிநேகிதன் செத்துப் போனான் என்று சொன்னேன். தலையாட்டினார்.

அந்த இரண்டு நாளும் அவர் தைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டம் போட்ட துணியென்றால் மடிப்பு எங்கே விழவேண்டும் என்று கோடு காட்டும். இந்தத் துணியில் கோடு ஏது? இஷ்டத்துக்கு மடித்தால் பின்பக்கம் கிழிசலை ஒட்டுப் போட்டது போலத் தெரியும். சறோ ஒவ்வொரு மடிப்பையும் பிடித்து, தள்ளி நின்று பார்த்து, திரும்பவும் அவிழ்த்து, பச்சைத் திட்டு மண்ணிறத்துக்குள் அலுங்காமல் போய்ச் சேரும்படி வைத்தார். பற்றிஸ் கடை ராஜி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததையும் குடிக்கவில்லை. நல்லது, வேலையில் மனம் ஊன்றிவிட்டது என்று நான் நினைத்தேன். எனக்குத்தான் எவ்வளவு அறிவு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் டங்கன் வந்து கட்டிப் பார்த்தார். கனகச்சிதம். கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் நின்றார். சறோ பின்னறையால் வந்து, அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கீழ்க்கரை சுற்றிவரச் சமமாக இருக்கிறதா என்று அடிமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். வாயில் இரண்டு குண்டூசி. ஒன்றும் குத்தத் தேவைப்படவில்லை. குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எழும்பாமல், அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணை, இவரிட்ட ஒண்டு கேக்க வேணும். கேட்டுச் சொல்லுங்கோ."

"என்ன?"

"ஆமியில ஆக்களைப் பாரம் எடுத்துக் கொண்டுபோனால் பேர் எழுதுவினமோ? எங்கட பஸ் வாசலில ஒருத்தன் கொப்பியோட நிண்டவன். என்ர பிள்ளையின்ர பேரை எழுதினவனோ எண்டு நான் பாக்கேல்லை, பிள்ளையின்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டிட்டன். அப்பிடி எழுதுற கொப்பியை பிறகு என்ன செய்வினம்? எங்க வைப்பினம்? அதைக் கேளுங்கோ."

அந்த இடத்தில் எனக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? மூச்சு விடுகிற நேரம். மேலே, விடிந்தால் சிநேகிதனைப் புதைக்கப் போகிற மனிதன். இந்தக் கேள்வியைக் கேட்டால் உடைந்து போவான் என்று பயந்தேன். கீழே, முழங்காலில் சறோ. அவன் 'எனக்குத் தெரியாது' என்றோ அதைவிட மோசமாகவோ சொன்னால் அதை நான் என் வாயால் அவருக்குச் சொல்ல வேண்டும். அதற்கும் பயந்தேன். பயம் என்றுதான் இப்போது எழுதுகிறேன். அப்போது அதை நான் பக்குவம் என்று நினைத்தேன்.

டங்கனிடம் இங்கிலிஷில், "நீளம் சரியா என்று கேட்கிறார்" என்றேன்.

டங்கன் குனிந்து சறோவைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மெல்லத் தலையாட்டினார். "மிகச் சரி. எல்லாம் மிகச் சரி. அவருக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார்.

சறோ என்னைப் பார்த்தார்.

"எழுதுவினமாம்" என்றேன். "பேர் எல்லாம் எழுதுவினமாம். கொப்பியைக் கவனமா வைச்சிருப்பினமாம்."

"எவ்வளவு காலத்துக்காம்?"

"எப்பவும் இருக்குமாம்."

சறோ கில்ட்டின் கரையை ஒரு தரம் கையால் தடவி விட்டு எழும்பினார். டங்கனைப் பார்த்து, "தாங்க்யூ" என்றார். அவரும், "தாங்க்யூ" என்றார். இரண்டு பேருடைய முகமும் தெளிந்திருந்தது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டே கடையைப் பூட்டினேன்.

ஒரு சட்டையைப் பற்றிச் சொன்ன பொய் சட்டை கிழிந்ததும் தீர்ந்துவிடும். இது தீரவில்லை. சறோ அந்தக் கொப்பியைப் பிடித்துக்கொண்டார். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறோம் என்ற ஒவ்வோர் அலுவலகத்துக்கும், பஸ் வாசலில் நின்றவனின் கொப்பியை எடுத்துப் பாருங்கள் என்று எழுதினார். கடிதங்களை இங்கிலிஷில் எழுதிக் கொடுத்தது அவருடைய மகள். நிரோஜனுக்கு ஒரு நாள் பார்த்துக் கடைசிச் சடங்கைச் செய்வோம் என்று அந்தப் பிள்ளை அழுதுகொண்டு கேட்டபோது, "பேர் கொப்பியில இருக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு அந்தியேட்டி?" என்று ஏசினாராம். மகளோடு மூன்று மாதம் பேச்சில்லை. இதையெல்லாம் சறோ பின்னறையில் இருந்து தைத்தபடி என்னிடம்தான் சொன்னார். நான் முன்னால் இருந்து கேட்டேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

மூன்றாம் வருடம் ஊருக்குப் போனார். தனியே. ஒன்றரை மாதம் முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் கொப்பியைக் கேட்டுத் திரிந்திருக்கிறார். ஒரு வாசலில், எந்தக் கொப்பி, யார் உனக்குச் சொன்னது என்று பகல் முழுக்க இருத்தி வைத்து விசாரித்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. சப்பாத்து ஏறாமல் செருப்போடு, பனிக்குள், வேலைக்கு வந்தார். அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். "வெளிக்கிட முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்று நான் கோபித்துக்கொண்டதுதான் மிச்சம். வெட்கமாக இருக்கிறது எழுத.

அதற்கு அடுத்த வருடம் ஒருநாள் காலையில் வந்ததும் வராததுமாகக் கவுண்டருக்கு வந்து நின்றார். இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக வேலை செய்கிற சட்டத்தரணி ஒருவர் அவருடைய வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அதில் சறோ ஒரு வரி சொல்லியிருக்கிறார்: ஆமியில் பெயரை எழுதிக் கொப்பியை எப்போதும் வைத்திருப்பார்கள் என்று கனடா இராணுவத்தில் இருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். யார் அவர், பெயர் வேண்டும், அவரிடம் நாங்கள் பேச வேண்டும் என்று சட்டத்தரணி கேட்டுவிட்டார்.

"பாவாடை தைச்சமே அண்ணை, அந்த மனிசன். அவற்ற நம்பர் துண்டில இருக்குமெல்லே?"

"அந்தத் துண்டெல்லாம் எப்பவோ எறிஞ்சாச்சு சறோ."

டங்கனின் நம்பர் எழுதிய அந்த ரசீதுத் துண்டு என் மேசை லாச்சிக்குள் இருந்தது. அவ்வளவு கஷ்டமான வேலையைச் செய்தோம் என்ற பெருமையில் அந்த ஒன்றை மட்டும் எறியாமல் வைத்திருந்தேன். அதற்கு மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் இந்தப் பொய்யையும் சொன்னேன். சறோ பின்னறைக்குப் போனார். மெசின் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கதிரையில் இருந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு இனித் தாங்காது என்று தெரிந்தது.

போய் எதிரில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு இருக்கிறதையும் சொன்னேன். அழுவார், ஏசுவார், கத்தரிக்கோலை எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்டது இதைத்தான்.

"அப்ப அந்த மனிசன் தலையாட்டினது என்னத்துக்கு?"

"நீளத்துக்கு."

"நீளம் சரியோ எண்டு நான் கேட்டதாச் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"நான் அப்பிடிக் கேக்க மாட்டன் அண்ணை. நீளம் சரியெண்டு எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். இருபது வருடம் கடை நடத்தியதில் வாங்கிய ஏச்சுகள் எல்லாம் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

டங்கனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்லவேளை, அதே நம்பர். நடந்ததைச் சொன்னேன். தைத்தவர் இன்னும் அங்கேயா வேலை செய்கிறார் என்று கேட்டார். பிறகு, கில்ட்டின் இடுப்பை எப்படியும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது, கொண்டு வருகிறேன் என்றார். அடுத்த நாள் வந்தார். நன்றாக உடம்பு வைத்து, தாடி நரைத்திருந்தது. கில்ட்டைக் கவுண்டரில் வைத்தார். ஒரு நாளைக்கென்று தைத்தது, இதுவரை ஐந்து அடக்கத்துக்குக் கட்டிவிட்டேன் என்றார். மடிப்பு ஒன்றுகூடக் குலையவில்லை.

சறோ வந்து நின்றார். இந்த முறை முழங்காலில் இல்லை. நான் கேள்வியை அப்படியே இங்கிலிஷில் கேட்டேன். பஸ், வாசல், கொப்பியோடு நின்றவன், எதையும் விடாமல். டங்கன் சறோவைப் பார்த்தே பதில் சொன்னார்.

"நாங்கள் எழுதினோம். நானே எழுதியிருக்கிறேன். எழுதிய தாளை மேலே கொடுப்போம். அதற்குப் பிறகு அந்தத் தாள் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. உங்கள் நாட்டு இராணுவத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு தாய் வந்து கேட்பார் என்று நினைத்து யாரும் அதை எழுதுவதில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

உடைந்து போவார் என்று நான் பயந்த மனிதர் உடையாமல் நின்றுதான் சொன்னார். அன்றைக்கே கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். நான்கு வருடமும், வீங்கிய காலும், மகளோடு பேசாத மூன்று மாதமும் இல்லாமலே இந்தப் பதில் கிடைத்திருக்கும். கேள்வி சறோவுடையது, பதில் டங்கனுடையது. நடுவில் நின்றவன் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். இளையவர்களுக்கு என்று நான் சொல்ல வேண்டியது இதுதான். உடுப்பைப் பற்றிய பேச்சை வேண்டுமானால் இனிப்பாக்குங்கள். ஒரு மனிசர் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறதை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள், வருகிறதை அப்படியே கொண்டுவந்து கொடுங்கள்.

டங்கன் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சறோவுக்குச் சொன்னேன். 'எனக்குத் தெரியாது' என்பதையும் 'நான் கேட்டதும் இல்லை' என்பதையும் சொன்னேன்.

சறோ கேட்டு முடித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ராஜியை ஒருக்காக் கூப்பிடுங்கோ அண்ணை" என்றார்.

"என்னத்துக்கு?"

"கூப்பிடுங்கோவன்."

நான் போய்ப் பற்றிஸ் கடை ராஜியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கையெல்லாம் மா. என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. சறோ அவரைப் பிடித்து டங்கனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, முதலில் இருந்து சொன்னார். "ஆமியில ஆக்களைப் பாரம் எடுத்தால் பேர் எழுதுவினமோ எண்டு இவரிட்டக் கேட்டுச் சொல்லு ராஜி." ராஜி இங்கிலிஷில் கேட்டார். டங்கன் ஒன்றும் விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெரிய மனிதர் எல்லாவற்றையும் திரும்ப, அதே மாதிரி, பொறுமையாகச் சொன்னார். ராஜி அழுதுகொண்டு தமிழில் சொன்னார். நான் சொன்னதேதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சறோ இந்த முறை தலையாட்டினார்.

பிறகு கில்ட்டைப் பின்னறைக்குக் கொண்டுபோய், பக்கவாட்டில் இருக்கிற வார்ப்பட்டிகளின் தையலை அவிழ்த்து, இடுப்பைத் தளர்த்தி, அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து கொடுத்தார். சட்டத்தரணியிடம் போய் அந்த வரியை எடுக்கச் சொன்னார். நிரோஜனுக்கு எந்தச் சடங்கும் செய்யவில்லை. செய்வதா இல்லையா என்று இன்றுவரை அவர் முடிவெடுக்கவில்லை என்று மகள் சொல்கிறாள்.

சறோ வேலையை விட்டுப் போகவில்லை. நான் கடையை மூடும்வரை, இன்னும் நான்கு வருடம், அதே பின்னறையில் இருந்தார். தேத்தண்ணி போட்டுத் தருவார், சுகம் விசாரிப்பார், என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது சோறு கொண்டுவந்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளைக்காரர் யாராவது வந்து காற்சட்டையைக் கட்டையாக்கச் சொன்னால், எவ்வளவு கட்டையாக்க வேண்டும் என்று நான் பின்னறைக்குச் சொல்வேன். சறோ, "சரி அண்ணை" என்பார். பிறகு காற்சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு, பற்றிஸ் கடைக்குப் போவார்.